பட்டினிப் பாத்தி

மேற்குப் பாத்தி நனைந்திருந்தது.

விண்ணரசி குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி நசுக்கினாள். உதிரவில்லை. பிடிகொழுக்கட்டை மாதிரி விரல் அச்சோடு நின்றது. கீழப்பழுவூர்ப் பக்கம் மழை பெய்து இரண்டு மாதமாகிறது. கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. ஜனங்கள் குடிதண்ணீருக்குக் குடத்தோடு அலைகிறார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில், நனையவே கூடாத ஒரே ஓர் இடம் மட்டும் நனைந்து கிடக்கிறது.

"அய்யம்பெருமாளண்ணே!"

வேப்பமரத்தடியிலிருந்து காவல்காரர் அய்யம்பெருமாள் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"என்னா டீச்சரம்மா?"

அவள் டீச்சர் இல்லை. திருச்சியில் தாவரவியல் படித்து பி.எஸ்ஸி. வாங்கியவள். விவசாய ஆராய்ச்சி ஆபீசில் தற்காலிக உதவியாளர். ஆனால் படித்த பெண் என்றால் டீச்சர் என்பது ஊரின் தீர்மானம். முதல் மாதம் ஒவ்வொருவரையும் திருத்தினாள். இப்போது மனசுக்குள் மட்டும் திருத்திக்கொள்கிறாள்.

"இந்தப் பாத்தியில தண்ணி ஊத்துனது யாரு?"

"எந்தப் பாத்தியில?"

"நான் நிக்கிற பாத்தியில. பலகை நட்டிருக்கே, 'தண்ணீர் இல்லை'ன்னு. அந்தப் பாத்தியில."

அய்யம்பெருமாள் பலகையைப் பார்த்தார். மண்ணைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வானத்தில் உதவி ஒன்றும் இல்லை.

"முழுக் குடமா ஊத்துனேன்? அரைக் குடந்தாம்மா."

"ஏன் ஊத்துனீங்க?"

"பின்ன? பக்கத்துப் பக்கத்துல ரெண்டு புள்ளை. ஒண்ணுக்கு வயிறு முட்டச் சோறு, ஒண்ணுக்குக் கொலைப்பட்டினி. எத்தனை நாளைக்கும்மா கண்ணால பாத்துட்டு உக்காந்திருக்கிறது? நான் புள்ளை குட்டிக்காரன்."

"அது புள்ளை இல்லண்ணே. சோளம்!"

"சோளந்தாம்மா. தாகம் ஒண்ணுதானே?"

இதற்கு பி.எஸ்ஸி.யில் பதில் சொல்லிக் கொடுக்கவில்லை.

விஷயம் இதுதான். மழை பொய்த்த வருஷத்தில் வாடிப்போன இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு, சோளக்கொல்லையை விட்டு வெளியே வருவதற்குள் மூச்சு முட்டி விழுந்து செத்துப்போகும். ஊரார் கண்ணேறு என்பார்கள். பக்கத்துக் கொல்லைக்காரன் வைத்த விஷம் என்று வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது. விஷம் உண்மைதான். அதைப் பயிரே தயாரிக்கிறது. வளர்ச்சி தடைப்பட்ட இளஞ்சோளத்தின் இலையில் பிரஸ்ஸிக் ஆசிட் என்னும் கொடிய விஷம் பிறக்கிற சரக்கு சேர்ந்துபோகிறது. இலை நசுங்கியதும் விஷம் வெளியே வருகிறது. எவ்வளவு தண்ணீர் குறைந்தால் எவ்வளவு விஷம் ஏறும் என்று கண்டுபிடித்துவிட்டால், எப்போது மாட்டை மேய விடக் கூடாது என்று குடியானவனுக்குச் சொல்லிவிடலாம்.

அதற்குத்தான் இரண்டு பாத்தி. ஒரே விதை, ஒரே மண். கிழக்குப் பாத்திக்கு 'தண்ணீர் உண்டு' பலகை. மேற்குக்கு 'தண்ணீர் இல்லை'. மூன்று வாரத்தில் மேலதிகாரி டாக்டர் செல்லதுரை நேரில் வருவார். இரண்டிலிருந்தும் இலை பறித்து அவர் கண் முன்னால் சோதிக்க வேண்டும். கணக்குச் சரியாக வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வரதராஜன்பேட்டைக்கு மூட்டை கட்ட வேண்டியது. அங்கே அப்பா சவரியார், அவளை இரண்டாந்தாரமாகக் கொடுக்க ஒரு மளிகைக்கடைக்காரரைப் பார்த்து, தாம்பூலம் மாற்றாத குறையாக வைத்திருக்கிறார்.

வேலையில் சேர்ந்த அன்றே செல்லதுரை சொல்லியிருந்தார். "பெண்பிள்ளைகளிடம் இந்த மாதிரிப் பரிசோதனையைக் கொடுப்பதில் எனக்கு இஷ்டமில்லை. பயிரைக் காயப்போட வேண்டிய வேலை. நீங்கள் இரக்கப்பட்டுக் கெடுத்துவிடுவீர்கள்."

அந்த வார்த்தை அவளுக்குள் முள்ளாகக் கிடந்தது. இரக்கமா? எனக்கா? வருகிறாரல்லவா, பார்க்கட்டும்.

இப்போது பார்த்தால், மீசை வைத்த காவல்காரர் இரக்கப்பட்டு நிற்கிறார்.

அவரை மேற்குப் பாத்திப் பக்கமே வரக் கூடாது என்று சொல்லி, கிழக்குப் பாத்திக்குத் தண்ணீர் சுமக்கும் வேலையைக் கொடுத்தாள். மேற்குக்குக் காவலாகச் செங்கமலத்தை அமர்த்தினாள். செங்கமலத்தைப் போல ஈவிரக்கம் இல்லாதவள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பக்கத்து வீட்டுக் கோழி வாசலில் கால் வைத்தால் கோழிக்காரியின் பரம்பரையையே இழுத்து வைத்துப் பேசுவாள். ஒரு கரண்டி மோர் அவள் வீட்டிலிருந்து கடன் போனதாக வரலாறு இல்லை.

"யாரையும் அண்ட விடாதீங்கக்கா."

"எவ வரா பாக்கறேன். காலை ஒடிச்சு அடுப்புல வச்சுடறேன்."

ஒரு வாரம் செங்கமலம் சிங்கம் போல் காவல் காத்தாள். இரக்கப்பட்டுச் சொம்போடு வந்த நாலைந்து பேர் அழுதுகொண்டு திரும்பினார்கள். விண்ணரசி நிம்மதியாக அரியலூருக்குப் போய், ரயிலில் வந்து கிடந்த மருந்துப் புட்டிகளை எடுத்துக்கொண்டு மத்தியானமே திரும்பினாள்.

செங்கமலம் மேற்குப் பாத்தி நடுவில் நின்று கழுநீர்ப் பானையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

செங்கமலம் பதறவில்லை. பானையின் அடியைத் தட்டிக் கடைசிச் சொட்டையும் வடித்தாள்.

"எத்தனை நாளா நடக்குது இது?"

"வந்த அன்னையிலேருந்துதான். ஊருல எல்லாரும் என்னைக் கொடுமைக்காரின்னு சொல்றாளுவ. சொல்லிட்டுப் போறாளுவ. அதுக்காவ வாயில்லாத பயிருகிட்டயுமா நான் கொடுமைக்காரியா இருக்கணும்? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்காம்மா?"

ஈவிரக்கம் இல்லாத செங்கமலத்தின் கண் கலங்கியிருந்தது. வெறும் தண்ணீர்கூட இல்லை, கழுநீர்! பயிருக்குத் தண்ணீரும் ஆச்சு, எருவும் ஆச்சு. மேற்குப் பாத்தி கருகருவென்று தழைத்து, அவளைப் பார்த்துத் தலையாட்டியது.

மனிதர்களை நம்புவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். இலந்தை முள்ளை வெட்டி மேற்குப் பாத்தியைச் சுற்றி இடுப்பளவுக்கு வேலி போட்டாள். மறுநாள் வேலிக்கு மேலே சொம்பை நீட்டித் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். அதற்கு அடுத்த நாளும் ஊற்றியிருந்தார்கள்.

கடைசியில், வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற விண்ணரசி, யாருக்கும் தெரியக் கூடாது என்று சொல்லிச் செங்கமலத்தின் காதில் ஒரு ரகசியத்தைப் போட்டாள். ஒரு செய்தி பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பரவ அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

"மேற்குப் பாத்தியில முனி இறங்கியிருக்குக்கா. நேத்து சாயங்காலம் என் கண்ணால பாத்தேன். கிட்டப் போனா ரத்தம் கக்குவாங்க."

செங்கமலம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "ஆத்தாடி!"

இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எந்தக் கணக்கில் சொல்வது என்ற கவலையோடு விண்ணரசி படுத்தாள். ஆனால் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் உறுமி மேளச் சத்தம் அவளை எழுப்பியது.

கொல்லையில் பாதி ஊர் கூடியிருந்தது. பெண்கள் ஈரப்புடவையோடு தலையில் குடம் வைத்து வரிசையில் நின்றார்கள். குடங்களில் வேப்பிலை. எங்கே கிடைத்ததோ அவ்வளவு தண்ணீர்! ஒளித்து வைத்திருந்த கடைசிக் குடத்தையும் எடுத்து வந்துவிட்டார்கள் போலிருக்கிறது. முள்வேலியைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாகிவிட்டது. முன்னால் செங்கமலம், நெற்றி நிறையத் திருநீறோடு.

"என்னக்கா இது?" என்றாள் விண்ணரசி.

"முனி ஏன் அங்கன எறங்குனாருன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சோம்மா. தாகம்! 'தண்ணீர் இல்லை'ன்னு பலகை நட்ட எடத்துல அவரு வந்து உக்காந்தா, அவருக்குத் தொண்டை காஞ்சு போவாதா? அதான் மழையப் புடிச்சு வச்சுருக்காரு. அவரு மனசு குளுந்தா மழை வந்துடும்."

"அப்படியெல்லாம் இல்லக்கா, நான் சும்மா—"

உறுமிக்காரன் கை நின்றது. செங்கமலம் கண்ணைச் சுருக்கினாள்.

"சும்மான்னா? முனிமேல பொய் சொன்னியா?"

எல்லாக் கண்ணும் அவள் மேல் இருந்தது. தனியாக ஒரு பெண், ஊருக்கு வெளியே வாடகை வீடு. மழைக்காகப் பைத்தியம் பிடித்திருக்கிற ஜனம். பொய் என்று சொன்னால் இன்றைக்கே ஊரை விட்டு ஓட வேண்டியதுதான்.

"சும்மா... தூரத்துலேருந்துதான் பாத்தேன்னு சொல்ல வந்தேன்."

"அது போதும். முனி மொதல்ல உனக்குத்தானே காட்சி குடுத்தாரு? மொத குடத்தை நீதான் ஊத்தணும்."

முழுக் குடம் ஒன்று அவள் கையில் வந்து உட்கார்ந்தது. குலவைச் சத்தம் எழுந்தது. விண்ணரசி பி.எஸ்ஸி., பல்லைக் கடித்துக்கொண்டு, தன் வேலையையும் தன் வருங்காலத்தையும் சேர்த்து, மேற்குப் பாத்தியின் தலைமேட்டில் தன் கையாலேயே கவிழ்த்தாள்.

அவளுக்குப் பின்னால் ஊரே ஊற்றியது.

அன்று சாயங்காலம் தபால்காரர் தந்தி கொண்டுவந்தார். டாக்டர் செல்லதுரை ஒரு வாரம் முன்னதாகவே வருகிறார். நாளைக்கு.

விண்ணரசி கொல்லையின் நடுவில் போய் உட்கார்ந்தாள். மேற்குப் பாத்தி ஆள் உயரத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு நின்றது. இலைகள் பட்டை பட்டையாக, எண்ணெய் தடவினது போல. இந்தப் பாத்தியில் இனி விஷமாவது, ஒன்றாவது!

சரி, கிழக்குப் பாத்தியாவது இருக்கிறதே என்று திரும்பினாள்.

திரும்பியவள் எழுந்து நின்றுவிட்டாள்.

இத்தனை நாளும் மேற்கைக் காவல் காத்ததில் அவள் முதுகு கிழக்குப் பக்கமே இருந்தது. அந்த முதுகுக்குப் பின்னால் 'தண்ணீர் உண்டு' பாத்தி செத்துக்கொண்டிருந்தது. இலைகள் சுருண்டு, நுனி பழுத்து, முழங்கால் உயரத்தில் முடங்கி நின்றன. மண் வாய் பிளந்திருந்தது.

"அய்யம்பெருமாளண்ணே! கிழக்குப் பாத்திக்குத் தினம் தண்ணி எடுக்கிறீங்களா இல்லையா?"

"எடுக்கிறேனேம்மா! ஒரு நாள் தவறுனதில்லை."

"எடுத்து?"

அய்யம்பெருமாள் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டார். "அதுக்கு ஆரம்பத்துல நெறயக் குடுத்தாச்சும்மா. மேக்கால நிக்கிறது அப்ப பட்டினியா கெடந்துச்சு. அதான் இதோட தண்ணியையும் அதுக்கே ஊத்துனேன். பங்கு சரியாவணுமுல்ல?"

அவர் போனபின் கிழக்குப் பாத்தி ஓரமாக நெடுநேரம் நின்றாள். ஒரு இலை காற்றில் திரும்பியபோது சருகுச் சத்தம் கேட்டது. பாவம் என்று தோன்றியது. கையில் எப்போது சொம்பு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சாய்க்கப் போகும்போதுதான் கண்டாள். சொம்பைத் தூர எறிந்தாள். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

விடியும்போது ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பயிர் பொய் சொல்லவில்லை. எது காய்ந்ததோ அதில் விஷம் இருக்கும், எது குடித்ததோ அதில் இருக்காது. பொய் சொல்வது பலகை. பலகையைப் பயிருக்குத் தக்கபடி திருத்தினால் அது எப்படிப் பொய்யாகும்?

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேட அவளுக்கு நேரமில்லை. இரண்டு பலகையையும் பிடுங்கி, இடம் மாற்றி நட்டு, கல்லால் அடித்து இறக்கினாள்.

செல்லதுரையின் கார் உச்சிவேளையில் வந்தது. பின்சீட்டில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை டிரைவர் ஆண்டவர் கதவைத் திறந்து எழுப்பினார். ஆண்டவருக்கு அறுபதை ஒட்டிய வயது, காக்கிச் சட்டை, வெற்றிலைக் காவி ஏறிய பல். ஊர் மொத்தமும் வேடிக்கை பார்க்க வந்து நின்றது.

செல்லதுரை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு பாத்தியையும் பார்த்தார். காய்ந்த பாத்தியில் 'தண்ணீர் இல்லை'. பச்சைப் பாத்தியில் 'தண்ணீர் உண்டு'.

"பரவாயில்லையே!" என்றார். "எத்தனை ஊரில் பார்த்திருக்கிறேன், இரண்டு பாத்தியும் ஒரே மாதிரி நிற்கும். கேட்டால் முழிப்பான்கள். இவ்வளவு வித்தியாசத்தை எங்கேயும் பார்த்ததில்லை. நான் டாக்டர் பட்டத்துக்குப் போட்ட பரிசோதனைக் கொல்லைக்கு அப்புறம் இதுதான். அந்தக் கொல்லைக்கு ஒரு காவல்காரன் இருந்தான், கல்! ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. ஆண்பிள்ளைக் காவல்."

விண்ணரசி பல்லைக் கடித்தாள். பின்னால் செங்கமலம் தொண்டையைச் செருமினாள்.

"ஒரு நிமிஷம்," என்று செல்லதுரை பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். விண்ணரசி அதை அடையாளம் கண்டுகொண்டாள். போன மாதம் அவள் கைப்பட வரைந்து அனுப்பிய கொல்லைப் படம். "உங்கள் படத்தில் மேற்குப் பாத்திதானே தண்ணீர் இல்லாதது? இது மேற்கா?"

அவர் காட்டியது கிழக்கு.

சூரியன் நேர் உச்சியில். நிழலெல்லாம் அவரவர் காலடிக்குள். ஊர் மொத்தத்துக்கும் மேற்கு எது என்று தெரியும், அவர் ஒருவரைத் தவிர. விண்ணரசி வாயைத் திறந்தாள். மேற்கு என்று சொன்னால் அப்பட்டமான பொய். கிழக்கு என்று சொன்னால் மளிகைக்கடை.

"என்னம்மா, மேற்கு எது என்று தெரியாதா?"

"மேற்குதாங்கய்யா அது," என்றது ஒரு குரல்.

டிரைவர் ஆண்டவர். காரில் சாய்ந்து நின்றபடி, கொஞ்சமும் தடுமாறாமல், நட்டநடுக் கிழக்கே கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"திருச்சி மேற்கேதானுங்க; நாம வந்த ரோடு அந்தாண்டதானுங்க இருக்கு. அய்யா தூங்கிட்டு வந்தீங்க, அதான் திசை மாறித் தெரியுது."

"அப்படியா?"

அய்யம்பெருமாளுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க டிரைவரு, திருச்சி அந்தாண்ட—"

செங்கமலம் அவர் காலை ஓங்கி மிதித்தாள். "காரு ஓட்டுறவருக்கு ரோடு தெரியாது, கோமணங்கட்டுற உனக்குத் தெரியும்! பேசாம நில்லுய்யா."

செல்லதுரை படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். "ஆமாம், ஆமாம். இப்போது சரியாக வருகிறது."

சோதனை தொடங்கியது. இரண்டு பாத்தி இலையையும் தனித்தனியே நறுக்கி நசுக்கி, இரண்டு கண்ணாடிக் குழாயில் போட்டு, மருந்துத் துளி விட்டு, மஞ்சள் சோதனைத்தாளைத் தக்கையில் தொங்கவிட்டு மூடினாள். விஷம் இருந்தால் மஞ்சள் சிவக்கும். அவ்வளவுதான். இனி காத்திருக்க வேண்டியது.

மேற்குப் பாத்தி இலையில் கழுநீர் ஏறியிருக்கிறது, முனியின் குடம் ஏறியிருக்கிறது. அதோடு எத்தனை பேர் ஊற்றினார்களோ! கிழக்குப் பாத்திக்கு யாராவது போனவாரம் இரக்கப்பட்டிருந்தால்? அவளே நேற்று சொம்பைச் சாய்த்திருந்தால்?

"செவக்குது," என்று அய்யம்பெருமாள் கிசுகிசுத்தார்.

காய்ந்த பாத்தியின் குழாயில் தாளின் நுனி பழுத்து, பிறகு மெல்ல மெல்லச் செங்கல் நிறமானது. மற்றது மஞ்சளாகவே நின்றது.

செல்லதுரை குழாயை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். காரின் முகப்பிலேயே தாளை வைத்து அவளுடைய வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போட்டார்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்களுக்கு இரக்கமே இல்லை, அம்மா. விஞ்ஞானத்துக்கு அதுதான் தேவை."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, காறித் துப்புவதா என்று விண்ணரசிக்குத் தெரியவில்லை. தாளை மட்டும் பத்திரமாக மடித்துக்கொண்டாள். செங்கமலம் அதிகாரியை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய் மோர் கொடுத்தாள். அவள் வீட்டு மோர்! ஊரே வாய் பிளந்து பார்த்தது.

விண்ணரசி காருக்கு ஓடினாள். ஆண்டவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க யாரு எவருன்னே எனக்குத் தெரியாது. எனக்காக எதுக்குங்க பொய் சொன்னீங்க? கண்டுபிடிச்சிருந்தா உங்க வேலையில்ல போயிருக்கும்?"

ஆண்டவர் மரத்தடியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அய்யாவோட டாக்டர் பட்டத்துக் கொல்லைக்குக் கல்லு மாதிரி இருந்த காவல்காரன் நான்தாம்மா. அந்த வருசமும் அவருக்குக் கிழக்கைத்தான் மேற்குன்னு காட்டுனேன்."